பவுண்டில் பென்ஷன் வருது, ஆஸ்பத்திரி பில்லுக்கு வழி என்ன?

காந்திநகர்_சிஸ்டர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் காட்பாடி, காந்தி நகர். போன மார்ச்சில் எனக்கு எழுபது முடிந்தது. 2001-ல் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனேன். லீட்ஸ் ஊரில் அரசு ஆஸ்பத்திரி, எலும்பு முறிவு வார்டு. அப்போது பையன் எட்டாவது, பொண்ணு ஐந்தாவது. மாமியார்தான் வளர்த்தார். வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் கம்பெனியில் சூப்பர்வைசர். "அந்தக் குளிர்ல வந்து உனக்கு டீ போட்டுக் கொடுக்கறதுக்கு நான் இங்கயே தோல் வாசனையில இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். 2019-ல் திரும்பி வந்துவிட்டேன். என் பாஸ்போர்ட் இன்றைக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான். அங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருந்தது, குடியுரிமை வாங்கவில்லை.

எனக்கு இரண்டு பென்ஷன் வருகிறது. ஒன்று என்.எச்.எஸ். (அந்த நாட்டு அரசு மருத்துவச் சேவை) பென்ஷன், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததற்கு. இன்னொன்று அந்த நாட்டு அரசு பென்ஷன், 66 வயதில் 2021-ல் ஆரம்பித்தது, வாரம் 84 பவுண்டு. முதல் பென்ஷன், ஏப்ரல் வந்தால் விலைவாசிக்கு ஏற்ப ஏறும், 2023-ல் 10.1 சதவீதம் ஏறியது. இரண்டாவது அன்றைக்கு 84, இன்றைக்கும் 84. லீட்ஸிலேயே இருந்திருந்தால் இந்நேரம் நூறைத் தாண்டியிருக்கும். என்கூட ஒரே வார்டில், ஒரே ஷிப்டில் இருந்த பிலிப்பைன்ஸ் தோழியும் அவள் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டாள். அவளுக்கு வருஷா வருஷம் ஏறுகிறதாம். போனில் சொல்லிவிட்டு அவளே சங்கடப்பட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் ஒரு ராத்திரி வீட்டுக்காரருக்கு நெஞ்சை அடைக்கிற மாதிரி இருந்தது. வியர்வையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டோவில் பாலாறு பாலத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆள் நன்றாக இருக்கிறார், காலையில் நடக்கிறார், தோசைக்கு நெய் கேட்கிறார். பில் 2,38,000 ரூபாய். சேமிப்பிலிருந்து கட்டினேன். அடுத்த தடவை வந்தால் கட்ட முடியும், அதற்கு அடுத்ததற்கு முடியாது.

அதற்குப் பிறகு ஒரு தனியார் காப்பீட்டுக் கம்பெனியில் விண்ணப்பித்தோம். சர்க்கரை, ஸ்டென்ட் என்று சொன்னதும் "பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். பதினெட்டு வருஷம் என் சம்பளத்தில் நேஷனல் இன்ஷூரன்ஸ் (அந்த அரசுக்குக் கட்டும் சமூகக் காப்பீட்டுச் சந்தா) என்று ஒன்பது, பத்து சதவீதம் பிடித்தார்கள். அதற்கு வைத்திய உரிமை என்று எதுவுமே கிடையாதா? என் பென்ஷனிலிருந்து மாதம் ஏதாவது பிடித்துக்கொண்டு இங்கே வைத்தியம் தருகிற ஏற்பாடு உண்டா? இங்கே எங்கே கேட்டாலும் "நீங்க எந்த டிபார்ட்மென்ட் பென்ஷனர்?" என்றுதான் முதல் கேள்வி வருகிறது. எந்த டிபார்ட்மென்ட் என்று சொல்வது?

பாலாத்து_மணல்

இன்னா சிஸ்டர், இதுக்குப் போய் இவ்ளோ யோசிக்கிறீங்க. வி.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று வாங்குங்க, வருஷம் 1,20,000-க்குக் கீழன்னு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைக்கு வந்துடும். இங்கிலாந்து பணம் வர்றது இங்க யாருக்குத் தெரியப்போவுது.

ஆரணி_வாத்தியார்

மேலே சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள் அம்மா. யாருக்குத் தெரியும் என்கிறார், வங்கிக்குத் தெரியும், வருமான வரி இலாகாவுக்குத் தெரியும். 2019-லேயே திரும்பி வந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள், ஆக அந்த இரண்டு பென்ஷனையும் காட்டித்தான் கணக்குத் தாக்கல் செய்து வருவீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் பல லட்சம் என்று கையெழுத்து, இன்னொரு பக்கம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குக் கீழ் என்று கையெழுத்து. நாளைக்கு ஆபரேஷன் மேஜையில் ஆளை வைத்துக்கொண்டு அட்டை செல்லாது என்றால் என்ன செய்வது?

"எந்த டிபார்ட்மென்ட்" என்ற கேள்வி உங்களைப் புண்படுத்தியிருக்கும், புரிகிறது. ஆனால் இங்கே ஏற்பாடே அப்படித்தான். என்னைப் போல மாநில அரசு ஓய்வூதியர் என்றால் 2022 ஜூலையில் வந்த திட்டப்படி பென்ஷனில் மாதம் 497 ரூபாய் பிடித்தம், நான்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் வரை. மத்திய அரசுக்காரர் என்றால் சி.ஜி.எச்.எஸ்., பதவிக்குத் தக்கபடி மாதம் 250-லிருந்து 1,000 வரை. அதை ஒரேயடியாகப் பத்து வருஷத்துக்குக் கட்டிவிட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். ராணுவத்தார் என்றால் இ.சி.எச்.எஸ். எல்லாவற்றிலும் பென்ஷன் கொடுக்கிற முதலாளிதான் வைத்தியத்துக்கும் வாசல். உங்கள் முதலாளி எட்டாயிரத்து சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். எங்கள் 497-ஐப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். போன வருஷம் என் கண் ஆபரேஷனுக்கு முழுப் பணத்தையும் கையிலிருந்து கட்டிவிட்டு, கொஞ்சத்தைத் திரும்ப வாங்க ஏழு மாதம் அலைந்தேன்.

முதலாளியையும் கேட்காத, வருமானத்தையும் கேட்காத ஒரு வாசல் இருக்கிறது. மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில் 70 வயது நிறைந்த எல்லோரையும் சேர்ப்பதாக 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கி வைத்தார்கள். வருஷத்துக்குக் குடும்பத்துக்கு ஐந்து லட்சம். ஆதாரில் உள்ள பிறந்த தேதிதான் கணக்கு. தனியார் பாலிசி இருந்தாலும் இதற்குத் தடை இல்லை. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் காப்பீட்டு அட்டைக்கு என்று தனி கவுன்ட்டர் இருக்கிறது. ஆதாரோடு இரண்டு பேரும் நேரில் போங்கள், ஐயா பிறந்த வருஷமும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சிகிச்சைக்கு நீங்கள் போகிற ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேளுங்கள். அட்டை வாங்குவது பாதி வேலைதான், அதைச் செல்லுபடியாக்கும் ஆஸ்பத்திரி மீதி.

இன்னொன்று, அந்த 2,38,000-ஐ ரொக்கமாகக் கட்டினீர்களா, கார்டிலா? கார்டு அல்லது செக் என்றால், காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களின் வைத்தியச் செலவில் 50,000 வரை 80டி பிரிவில் கழிக்கலாம். பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். ரொக்கம் என்றால் கிடையாது.

குடியாத்தம்2லெஸ்டர்

அக்கா, நானும் நர்ஸ்தான், 2004-ல் இங்கிலாந்து வந்தேன், இன்னும் இங்கேதான். உங்க கேள்வியைப் படிச்சதும் என் வயித்துல கல்லைப் போட்ட மாதிரி இருந்துச்சு, ஏன்னா எனக்கும் இன்னும் எட்டு வருஷத்துல இதே கதைதான்.

முதல் கேள்விக்குப் பதில்: கிடையாது. ஏன்னு சொல்றேன். நாம கட்டின நேஷனல் இன்ஷூரன்ஸ்ல ஒரு பங்கு என்.எச்.எஸ்ஸுக்குப் போறது உண்மை. ஆனா கட்டினதுக்கு ஈடா நமக்குக் கிடைக்கிறது பென்ஷன் வருஷங்கள்தான், வைத்தியம் இல்லை. பத்து வருஷம் இருந்தா பென்ஷன் ஆரம்பம், முப்பத்தஞ்சு இருந்தா முழுசு. வைத்தியத்துக்கு இங்க ஒரே அளவுகோல், இந்த நாட்டில் வழக்கமா குடியிருக்கிறவரா என்பது. ஒரு பைசா கட்டாதவரும் முறையா குடியிருந்தா இலவசம். நாப்பது வருஷம் கட்டினவர் ஊருக்குப் போயிட்டா அன்னையோட முடிஞ்சது. அவசரப் பிரிவும் குடும்ப டாக்டரைப் பார்க்கிறதும் யாருக்கும் இலவசம், ஆனா வார்டுல சேர்த்தா இந்தியாவிலிருந்து வர்றவருக்கு என்.எச்.எஸ். விலையில 150 சதவீதம் பில். அதில நம்ம பென்ஷன் புத்தகத்தைக் காட்டினாலும் தள்ளுபடி இல்லை.

திரும்பிப் போய்க் குடியேறிடலாம்னு யாராவது சொல்லுவாங்க. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தா அது ஒரு வழி, குடியேற வந்த அன்னைக்கே உரிமை திரும்பிடும். உங்ககிட்ட இருந்தது தங்கும் அனுமதி மட்டும். இரண்டு வருஷம் தொடர்ந்து வெளியே இருந்தா அது காலாவதி. 2019-ல் போனீங்க, அதனால இனி புது விசா கேட்டு வாங்கணும். கோவிட் காலத்துல இப்படி இழந்தவங்க நிறைய பேரை எனக்கே தெரியும்.

வயித்தெரிச்சல் ஒண்ணு சொல்லட்டுமா? இதே பென்ஷனோட நீங்க வேலூருக்குப் பதிலா ஸ்பெயின்ல போய் உட்கார்ந்திருந்தா, எஸ்-1னு ஒரு படிவம் கொடுத்து அந்த ஊர் வைத்தியச் செலவை பிரிட்டனே ஏத்துக்கும். பென்ஷனும் வருஷா வருஷம் ஏறும். ஐரோப்பிய நாடுகளோட அப்படி ஒப்பந்தம் இருக்கு, இந்தியாவோட வைத்தியத்துக்கும் இல்லை, பென்ஷன் ஏத்தத்துக்கும் இல்லை. உங்க பிலிப்பைன்ஸ் தோழிக்கு ஏறுறதும் அவங்க நாட்டோட உள்ள ஒப்பந்தத்தாலதான். இப்படி ஏறாம உறைஞ்ச பென்ஷன்காரங்க வழக்குப் போட்டு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனாங்க, 2010-ல் தோத்துட்டாங்க. இப்ப இந்தியாவோட 2025 ஜூலையில கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தோட, சம்பளத்துல பிடிக்கிற இந்தச் சந்தா பத்தி ஒரு ஏற்பாடும் பேசினாங்க. அது கம்பெனிகள் கொஞ்ச காலத்துக்கு அனுப்புற ஆட்களுக்கு, ரெண்டு நாட்டுலயும் கட்ட வேண்டாம், ஒரு நாட்டுல கட்டினா போதும்னு சொல்றது. நமக்கு அதில ஒண்ணும் இல்லை.

சின்னதா ஒரு ஆறுதல்: பொண்ணைப் பார்க்க, பேரப்பிள்ளையைப் பார்க்கன்னு இங்க வந்தா, வந்து இருக்கிற நாளுக்கு ஏத்தின பென்ஷன் கேட்கலாம். இங்க இருக்கிற சர்வதேசப் பென்ஷன் ஆபீசுக்கு முன்கூட்டியே சொல்லணும்.

உயிரோடு இருக்கும் சான்று படிவம் தபால்ல வந்தா உடனே அனுப்புங்க அக்கா. பதில் போகலைன்னா பென்ஷனை நிறுத்திடுவாங்க.

காந்திநகர்_சிஸ்டர்

ஸ்பெயின் கதையை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அங்க பொன்னி அரிசி கிடைக்குமா?" என்கிறார்.

சான்றைப் பற்றிச் சொன்னீர்களே, போன தடவை அதுவே பெரிய பாடு. நான் கணக்கு வைத்திருக்கிற வங்கிக் கிளையில் மேனேஜர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது எங்க ஃபார்மட் இல்லை" என்றார். உயிரோடு எதிரில் நிற்கிறேன், நீங்களே பார்க்கிறீர்கள், அதற்கு என்ன ஃபார்மட் என்று கேட்டேன். கடைசியில் தெரு முனை மருந்துக் கடைக்காரர் போட்டார். அவர் பட்டம் பெற்ற பார்மசிஸ்ட், படிவத்தோடு வந்த பட்டியலில் பார்மசிஸ்டும் இருந்தது. உறவினர் மட்டும் கூடாது. யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

வாத்தியார் ஐயா, பில் கார்டில்தான் கட்டினேன். 80டி பற்றி ஆடிட்டரிடம் கேட்கிறேன்.

தோல்காரன்_பேரணாம்பட்டு

நான் ஆம்பூரில் தோல் பதனிடும் வேலையில் ஆரம்பிச்சு ஜெர்மனியில் பதினாலு வருஷம் இருந்துட்டு வந்தவன். அங்க நடப்பு வேற மாதிரி. இந்தியா ஜெர்மனி ஒப்பந்தம் 2017 மே 1-ல அமலுக்கு வந்துச்சு, ஆனா அது பென்ஷனுக்கு மட்டும், வைத்தியத்துக்கு இல்லை. எனக்கு ஒவ்வொரு ஜூலையும் ஏறுது, 2025-ல 3.74 சதவீதம். வைத்தியச் சந்தா எதுவும் பிடிக்கிறதில்லை, வைத்தியமும் கிடையாது. கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கு.

அங்கயே இருக்கிற என் கூட்டாளிக்கு நிலைமை தலைகீழ். அங்க வைத்தியச் சந்தா 14.6 சதவீதம், அதுக்கு மேல ஒவ்வொரு காப்பீட்டு அமைப்பும் தன் பங்குக்குக் கூடுதலா கொஞ்சம் வைக்கும். ஜெர்மன் பென்ஷன்ல பாதியைப் பென்ஷன் ஆபீஸ் கட்டும், பாதியை இவர். வெளிநாட்டுப் பென்ஷன் ஏதாவது வந்தா 2011 ஜூலையிலிருந்து அதுக்கும் சந்தா உண்டு, பாதி வீதத்துல. வெளிநாட்டு ஆபீஸ் பிடிச்சு அனுப்பாதே, அதனால இவரே போய்ச் சொல்லி இவரே கட்டணும். இவருக்கு இங்க பி.எஃப். பென்ஷன் மாதம் ரெண்டாயிரத்துச் சொச்சம், அதையும் கடுதாசி எழுதிக் காட்டியிருக்கார். எங்க மனுஷன் அதுக்கு நாளெல்லாம் புலம்புவார். ஆனா இடுப்பு மாத்து ஆபரேஷனுக்கு அவர் கையிலிருந்து கொடுத்தது ஆஸ்பத்திரியில ஒரு நாளைக்குப் பத்து யூரோதான். நீங்க "பென்ஷன்ல பிடிச்சுக்கிட்டு வைத்தியம் தர்ற ஏற்பாடு உண்டா"ன்னு கேட்டீங்களே, அது இதுதான். அந்த ஊர்ல குடியிருந்தாதான்.

பாகாயம்_ஏஜென்ட்

நான் பாலிசி விற்கிறவன், அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடேயே படியுங்கள். 65-க்கு மேல் புது பாலிசி கிடையாது என்ற பேச்சு பழசு. 2024 ஏப்ரலிலிருந்து அந்த வயது வரம்பு எடுபட்டது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்பும் அதிகபட்சம் மூன்று வருஷம்தான், முன்பு நான்கு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, 18 சதவீதம் மிச்சம். மூத்தவர்களுக்கு ஒரே வருஷத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் பிரீமியத்தை ஏற்றவேண்டுமானால் கம்பெனி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஸ்டென்ட் வைத்தவருக்குத் தருவதும் தராததும் கம்பெனியின் முடிவுதான். "பார்த்துச் சொல்றோம்" என்பதை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் தொழிலில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பு இல்லை. உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு விண்ணப்பம் போடுங்கள் அம்மா, ஐயாவோடு சேர்த்துப் போட்டதால்தான் உங்களுடையதும் தொங்குகிறது என்று தோன்றுகிறது. சர்க்கரை, பிபி எதையும் மறைக்காதீர்கள்.

ராணிப்பேட்டை_தோழர்

எல்லாரும் அம்மாவோட பென்ஷனையே பார்க்கறீங்க. ஐயா வேலையை யாரும் கேட்கலையே?

ஷூ அப்பர் கம்பெனி சூப்பர்வைசர்னு எழுதியிருக்கீங்க. எந்த வருஷம் ரிட்டயர் ஆனாரு? கடைசி மாசம் வரைக்கும் சம்பளத்துல இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிச்சாங்களா? நான் முப்பது வருஷம் சங்க வேலை பார்த்தவன், எங்க தோல் தொழிற்சாலை ஆட்கள் பாதிப் பேருக்கு இது தெரியாது. அஞ்சு வருஷத்துக்குக் குறையாம இ.எஸ்.ஐ.ல இருந்து, வயசாகி ஓய்வு பெற்றவருக்கு வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினா வைத்தியம் உண்டு. நூத்தி இருபது லட்சம் இல்லை, நூத்தி இருபது ரூபாய். மாசம் பத்து. அவருக்கும் உண்டு, மனைவிக்கும் உண்டு. மனைவிக்கு எந்த நாட்டுலேருந்து என்ன பென்ஷன் வருதுன்னு அதுல கேள்வியே இல்லை.

வேலையை நடுவுல விட்டவருக்கு இது சிக்கல், வயசு வந்து ஓய்வு பெற்றவருக்குத்தான். அதனாலதான் வருஷம் கேட்கறேன்.

காந்திநகர்_சிஸ்டர்

தோழரே, 1952-ல் பிறந்தவர், 2010-ல் 58 முடிந்து ஓய்வு. கடைசிச் சம்பளம் ஒன்பதாயிரத்துச் சில்லறை. இ.எஸ்.ஐ. பிடித்தார்கள் என்று அடித்துச் சொல்கிறார். பி.எஃப். பென்ஷன் 1,870 ரூபாய் வருகிறது, அதை அவர் பென்ஷன் என்றே சொல்ல மாட்டார், "பீடி காசு" என்பார், பீடி குடிக்காத மனுஷன். ஆனால் அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. ஷெட் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, முதலாளி இல்லை. ஓய்வு பெற்றார் என்று யார் கையெழுத்துப் போடுவார்கள்?

ராணிப்பேட்டை_தோழர்

அந்த 1,870-ஐ பீடி காசுன்னு சொல்ல வேண்டாம்னு சொல்லுங்க, இப்ப அதுதான் சாட்சி. பி.எஃப். பென்ஷன் ஆணைத் தாளில் பிறந்த தேதி, வேலையை விட்ட தேதி, கம்பெனி கோடு எல்லாம் இருக்கும். 2010-ல சம்பள வரம்பு பத்தாயிரம், மே மாசத்துலேருந்து பதினஞ்சாயிரம், ஆக ஒன்பதாயிரம்னா கடைசி வரைக்கும் உள்ளேதான் இருந்திருக்கார். இ.எஸ்.ஐ. இன்ஷூரன்ஸ் நம்பர் இருக்கிற பழைய அட்டையோ, ஒரே ஒரு சம்பளச் சீட்டோ கிடைச்சா போதும், கிளை ஆபீசுல அந்த நம்பரை வெச்சு எத்தனை வருஷம் கட்டினாங்கன்னு எடுத்துடலாம். பென்ஷன் ஆணை, ஆதார், ரெண்டு பேர் போட்டோ கொண்டு போங்க. முதல்ல இல்லைம்பாங்க. இருக்கிற விதியைக் கேட்டு எழுதிக் கொடுங்க, எழுதிக் கொடுத்தா எழுத்துல பதில் சொல்லணும். பெரிய இதய ஆபரேஷனுக்கு வெளியே அனுப்புறதுல ஓய்வு பெற்றவருக்கு என்ன நிபந்தனைன்னு அதையும் அதே தாள்ல கேட்டுடுங்க.

மாத்திரை, ரத்தப் பரிசோதனை, வார்டு எல்லாத்துக்கும் வேலூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கு. சர்க்கரை மாத்திரையும் ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையும் மாசம் என்ன ஆகுது உங்களுக்கு?

காந்திநகர்_சிஸ்டர்

இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 3,400. சீட்டு வைத்திருக்கிறேன்.

நேற்று பரண் மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினோம். நான் லீட்ஸிலிருந்து எழுதிய கடிதங்களை எல்லாம் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார், எனக்கே தெரியாது. அதற்கு அடியில் பையனுடைய ஐந்தாவது வகுப்பு ரேங்க் கார்டு, அதற்கும் அடியில் இ.எஸ்.ஐ. அட்டை. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. போட்டோவில் முடி கறுப்பாக, மீசையோடு இருக்கிறார். நம்பர் முழுசாகப் படிக்க முடிகிறது.

வருஷம் 120 என்றதும் பவுண்டா என்று கேட்டார். ரூபாய் என்றேன். "அப்ப உனக்கும் நானே கட்டிடறேன்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ், அங்கிருந்து இ.எஸ்.ஐ. கிளை. போய் வந்து எழுதுகிறேன்.